பூசணிக்காயை ஏன் வெட்டி, நாக்குல வச்சுப் பார்த்து வாங்கறோம்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு உக்காந்து படிங்க. நம்ம ஆலய மடப்பள்ளி தொண்டூழியர்கள் சார்பா நாங்க எழுதறோம்.

நவராத்திரி சமயத்துல ஒரு அம்மா, வீட்டுக்குப் பின்னால தானே போட்ட கொடியில காய்ச்ச பூசணிக்காயை மடப்பள்ளி வாசலுக்குக் கொண்டு வந்தாங்க. ஆறு ஏழு கிலோ இருக்கும். இடுப்புல வச்சு, பஸ்சுல ஏறி, தூக்கிட்டு வந்திருக்காங்க. எங்க பையன் ஒருத்தன் அதைக் கையில வாங்கினதும் நேரா குழாயடிக்குப் போனான். கத்தியால ஒரு சின்னத் துண்டு கீறி எடுத்தான். நாக்குல வச்சுப் பார்த்துத் துப்பினான். அப்புறம்தான் "சரிம்மா, நன்றி"ன்னு சொன்னான்.

அந்த அம்மா முகம் மாறிப்போச்சு. "சாமிக்குக் கொடுத்த காயையா சோதிச்சுப் பார்க்கிறீங்க? எங்க வீட்டுக்காய் என்ன விஷமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு அன்னதானத்துல சாப்பிடக்கூட உக்காரலை. மறுநாள் அவங்க மகன் எங்களுக்கு வாட்ஸ்அப்புல நாலு வரி எழுதினாரு. மரியாதையாத்தான் எழுதினாரு. அதனாலேயே கூடுதலா வலிச்சுது.

அம்மா, தப்பு எங்க பேர்லதான். செஞ்ச காரியம் தப்பில்லை. ஏன் செய்யறோம்னு உங்ககிட்ட முதல்ல சொல்லாததுதான் தப்பு. அதை இப்ப சொல்றோம். இதைச் சொல்லணும்னா போன வருஷம் நடந்ததைச் சொல்லணும். ஒரு வருஷமா நாங்க வெளியில பேசாம வச்சிருந்த விஷயம் அது.

2024-ல தீபாவளி அக்டோபர் 31. வெள்ளைக்காரங்க ஹாலோவீன்னு சொல்ற நாளும் அதேதான். பேரங்காடிங்கள்ல ஒரு பக்கம் குத்துவிளக்கும் ரங்கோலியும், இன்னொரு பக்கம் மூஞ்சி செதுக்கின ஆரஞ்சுப் பூசணியும். நவம்பர் 2-ல கந்த சஷ்டி ஆரம்பம், 7-ல சூரசம்ஹாரம். ஆறு நாளும் மதிய அன்னதானம். தினமும் முந்நூறு பேர் சாப்பிடுவாங்க. அதுல பாதிப் பேர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கிறவங்க.

மூணாம் நாள் காலையில ஒரு பக்தர் மூணு பெட்டி பூசணிக்காய் கொண்டு வந்து இறக்கினாரு. அலங்காரத்துக்கு வாங்கினது மிச்சம், குப்பைக்குப் போகப் போகுது, நல்ல காய்தான், சாமி காரியத்துக்காவது ஆகட்டும்னு சொன்னாரு. பெரிய ஆரஞ்சுக் காய் ஏழெட்டு. கூடவே கைக்குள்ள அடங்கற குட்டிக் காய் ஒரு பெட்டி நிறைய. சிலது பச்சையும் மஞ்சளுமா பட்டை போட்டிருந்துச்சு, சிலது மேலெல்லாம் மரு மாதிரி முடிச்சு முடிச்சா இருந்துச்சு. பார்க்க அவ்வளவு அழகு. சின்னப் பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு கையில எடுத்துக்கிட்டு விளையாடிச்சுங்க.

யாரு கொண்டு வந்தாங்கன்னு யாரும் கேக்க வேணாம். வாங்கினது நாங்க. வெட்டினது நாங்க. கூட்டு வச்சது நாங்க.

முந்நூறு பேருக்குக் கூட்டுன்னா தோல் விதை நீக்கி இருபத்தஞ்சு கிலோ காய் வேணும். அன்னைக்குக் காய் வாங்கற காசு மிச்சம்னு எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆறு பேர் உக்காந்து வெட்டினோம். பெரிய காய் உள்ள நார் நாரா, தண்ணியா இருந்துச்சு. குட்டிக்காய் தோல் கத்திக்கே அசையலை. ஒரு அக்கா, "இது என்னடா கல்லு மாதிரி இருக்கு, வேகுமா?"ன்னு கேட்டாங்க. "வேகும்க்கா, பூசணிதானே"ன்னு நாங்கதான் சொன்னோம். கடலைப்பருப்பு, தேங்காய், சீரகம் அரைச்சு ஊத்தி, பெரிய அண்டாவுல கூட்டு தயார். வாசனை நல்லாவே இருந்துச்சு.

மடப்பள்ளி வழக்கம் உங்களுக்குத் தெரியும். நைவேத்தியம் ஆகறதுக்கு முன்னாடி உப்பு உறைப்பு எதுவும் வாயில வச்சுப் பார்க்கக்கூடாது. கைக்கணக்குதான். எங்க பெரிய சமையல்காரர் இருபது வருஷமா கைக்கணக்குலேயே உப்புப் போடறவர், ஒரு நாளும் தப்பினதில்லை. அன்னைக்கும் உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

குருக்கள் சந்நிதிக்கு எடுத்துட்டுப் போய்ப் படைச்சாரு. தீபாராதனை ஆச்சு. பந்தி போட்டோம்.

முதல் பந்தியில மூணாவது வரிசையில உக்காந்திருந்த ஒரு பெரியவர் எங்களைச் சைகை காட்டிக் கூப்பிட்டாரு. மத்தவங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னு குனிஞ்சு காதுக்கிட்ட சொன்னாரு: "தம்பி, கூட்டு கசக்குது. பாகற்காய் ஏதும் கலந்துட்டீங்களா?"

நாங்க ஓடிப்போய் அண்டாவுல எடுத்து வாயில வச்சோம். பாகற்காய்க் கசப்பு இல்லை அது. பாகற்காய் கசப்புக்குப் பின்னால ஒரு ருசி இருக்கும். இது மருந்து மாத்திரையை மென்ன மாதிரி. தொண்டையில போய் ஒட்டிக்கிச்சு. தண்ணி குடிச்சும் போகலை.

மைக்குல சொன்னோம், கூட்டு வேணாம், ஒதுக்கி வச்சிடுங்கன்னு. ஆனா நம்ம ஜனங்க இருக்காங்களே, பிரசாதம்னா கசந்தாலும் முழுங்கிடுவாங்க. "சாமிக்குப் படைச்சது, எப்படி ஒதுக்கறது?"ன்னு ஒரு பாட்டி எங்களையே கேட்டாங்க. இலையில இருந்ததை நாங்களே கையால எடுத்தோம். விரதத்துல பசியோட உக்காந்திருக்கிறவங்க இலையிலேர்ந்து சோத்துக்குப் பக்கத்துல இருக்கிறதை எடுக்கிறது எப்படி இருக்கும்னு, அதைச் செஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்கு வாந்தியும் வயித்துப்போக்கும். கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரே நாள்ல சரியாச்சு. பெரிசா ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா?

மிச்சக் கூட்டைக் குப்பைத்தொட்டியில கொட்ட மனசு வரலை. கோயிலுக்குப் பின்னால தென்னை மரத்தடியில பள்ளம் தோண்டிப் புதைச்சோம். புதைக்கும்போது எங்கள்ல ஒருத்தர் அழுதுட்டாரு. "ஜனங்களை விடு, முருகனுக்கே கசப்பைப் படைச்சிட்டோமே"ன்னாரு. யாருக்கும் பதில் சொல்லத் தெரியலை.

சரி, இது ஏன் நடந்துச்சு? எங்கள்ல ரெண்டு மூணு பேர் ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கிறவங்க. லைன்ல ஒரு பொருள் கெட்டுப்போச்சுன்னா, யார் தப்புன்னு கேக்கறதுக்கு முன்னால உள்ள வந்த சரக்கு என்னன்னு பார்க்கணும். அதையே இங்கயும் செஞ்சோம். மிச்சம் இருந்த குட்டிக்காய்கள்ல ஒவ்வொண்ணையும் வெட்டி நாக்குல வச்சுப் பார்த்தோம். மருவு மருவா இருந்த காய்தான் அந்தக் கசப்பு. பெரிய ஆரஞ்சுக்காய் சப்புன்னு இருந்துச்சே தவிர கசக்கலை.

அப்புறம் படிக்க ஆரம்பிச்சோம், பாசார்ல காய்கறிக் கடை தவுக்கேகிட்ட கேட்டோம், காய் போடற ஆளுங்ககிட்ட கேட்டோம். இத்தனை வருஷமா பூசணி வெட்டியும் எங்களுக்குப் பூசணியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றோம்.

முதல்ல பேருல உள்ள குழப்பம். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல்காரர்கிட்ட "பூசணி"ன்னா வெள்ளைப் பூசணி, சாம்பல் பூத்தது. மஞ்சளா இருக்கிறது அவருக்குப் பரங்கி. நம்ம ஆளுங்க நிறையப் பேருக்குப் பூசணின்னாலே மஞ்சள்தான். யாழ்ப்பாணத்துக்காரங்களுக்கும் மஞ்சள்தான் பூசணி, வெள்ளையை நீத்துப்பூசணிம்பாங்க. ஒரு தடவை சமையல்காரர் மோர்க்குழம்புக்காகப் பூசணி இருபது கிலோன்னு எழுதிக் கொடுத்தாரு, நாங்க மஞ்சளை வாங்கிட்டு வந்து நின்னோம். மலாய்க்காரங்க தெளிவு. மஞ்சள் லாபு, வெள்ளை குண்டூர். ஆனா அவங்களும் சுரைக்காயை லாபு ஆயர்னு சொல்வாங்க. பேராக்குல சாயோங் கிராமத்துல செய்யற கறுப்பு மண் கூஜா இருக்கே, லாபு சாயோங், அது சுரைக்குடுவை வடிவம்.

இந்த வெள்ளையும் மஞ்சளும் ஒரே குடும்பம்தான், ஆனா சொந்தம் தூரத்துச் சொந்தம். வெள்ளைப் பூசணி நம்ம ஆசியாக் காய். சமஸ்கிருதத்துல கூஷ்மாண்டம்பாங்க. நவராத்திரி நாலாம் நாள் அம்பாளுக்கு கூஷ்மாண்டான்னு பேரு இருக்கு பாருங்க. உயிர்ப்பலிக்குப் பதிலா குங்குமம் தடவி வெட்டறதும் இதைத்தான். இப்பத்தான் ஆயுத பூசை முடிஞ்சுது, எத்தனை லோரிக்கு, எத்தனை மெஷினுக்கு உடைச்சிருப்போம். (உடைக்கிறவங்க தயவுசெஞ்சு உடைச்ச துண்டை ரோட்டோரமா ஒதுக்கி வைங்க. மோட்டார் சைக்கிள்ல வர்ற பிள்ளைங்க வழுக்கி விழுதுங்க. திருஷ்டி கழிக்கப் போய் அடுத்தவன் காலை உடைக்கக்கூடாது.) சீனர்கள் கடையில டின்னுல விக்கிற விண்டர் மெலன் டீயும் இதே காய்தான். கல்யாண வீட்டுக் காசி அல்வாவும் இதுதான்.

மஞ்சள் பூசணி அப்படியில்லை. அது அமெரிக்காக் கண்டத்துக் காய். மெக்சிகோ நாட்டுல வஹாக்கா பகுதியில கிலா நகிட்ஸ்னு ஒரு குகை. அங்க கிடைச்ச பூசணி விதைகளுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் வருஷ வயசு. மக்காச்சோளத்துக்கு முன்னாலயே அந்த ஜனங்க பூசணியைப் பயிர் பண்ணியிருக்காங்க. 1492-ல கொலம்பஸ் போன பிறகுதான் அது கடல் தாண்டிச்சு. போர்த்துக்கீசியர் கப்பல்ல நம்ம பக்கம் வந்துச்சு. 1511-ல மலாக்காவைப் பிடிச்சாங்களே, அதே போர்த்துக்கீசியர். அவங்களைத்தான் நம்ம முன்னோர் பரங்கின்னாங்க. பரங்கிக்காய்ங்கிற பேர்லயே விலாசம் ஒட்டியிருக்கு.

இதைக் கேட்டதும் எங்க குழுவுல ஒரு பெரிய பேச்சு. மடப்பள்ளியில முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் சீமைக்காய், சாமிக்கு ஆகாதுன்னு ஒதுக்கறவங்க இருக்காங்க. அதே ஆளுங்க திருவாதிரைக்குக் களியோட வைக்கிற ஏழுகறிக் குழம்புல பரங்கிக்காய் இல்லாம விடமாட்டாங்க. பொங்கல் கூட்டுக்கும் அதுதான். மார்கழியில சாணப் பிள்ளையார் தலையில வைக்கிறதும் பரங்கிப் பூதான். ஐந்நூறு வருஷத்துக்குள்ள வந்த காய் வீட்டுப் பிள்ளையாவே ஆயிடுச்சு. எங்க கருத்து, வந்து சேர்ந்தவங்களை நம்ம சாமி எப்பவும் வெளியில நிறுத்தினதில்லை. நாமளும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவங்கதானே.

சரி, வகைக்கு வருவோம். உலகத்துல பயிராகிற மஞ்சள் பூசணி எத்தனையோ நூறு ரகம் இருந்தாலும், அத்தனையும் அஞ்சே இனத்துக்குள்ள அடக்கம். அதுல நம்ம மடப்பள்ளிக்கு வர்றது மூணு. நிறத்தைப் பார்த்து இனம் சொல்ல முடியாது, வடிவத்தைப் பார்த்தும் முடியாது. காம்பைப் பார்க்கணும். இதுதான் நாங்க கத்துக்கிட்டதுலயே பெரிய விஷயம்.

நம்ம பாசார்ல கிடைக்கிற லாபு, வரி வரியா பிளவு விழுந்தது, பச்சையா இருந்து பழுக்கப் பழுக்கக் காவி நிறமா மாறறது, அது மோஸ்கட்டா இனம். காம்பு கெட்டியா, அஞ்சு முனையா இருக்கும், காயில ஒட்டற இடத்துல பாதம் மாதிரி விரிஞ்சிருக்கும். இலையில வெள்ளி தெளிச்ச மாதிரி திட்டு இருக்கும். சூட்டையும் ஈரத்தையும் தாங்கறது இந்த இனம்தான், அதனாலதான் நம்ம ஊர்லயும் தமிழ்நாட்டுலயும் இதுவே அதிகம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விட்ட கோ 1, கோ 2 ரகங்களும் இதுதான். கோ 1 பெரிய காய், ஏழெட்டு கிலோ வரும். கோ 2 ரெண்டு கிலோவுக்குள்ள, சின்னக் குடும்பத்துக்கு. பெங்களூர்ல அர்கா சந்தன்னு ஒண்ணு போட்டிருக்காங்க, அதுவும் இதே இனம். கடையில சுரைக்காய் மாதிரி கழுத்து நீண்டு, சந்தன நிறத்துல பட்டர்நட்னு விக்கிறாங்களே, அதுவும் இதுவே. அமெரிக்காவுல 1940-கள்ல வந்த ரகம். விதைக்குழி சின்னது, கழுத்து முழுக்கச் சதை. வெட்டறவங்களுக்குப் புண்ணியம்.

ரெண்டாவது மேக்சிமா. காம்பு உருண்டையா, தக்கை மாதிரி மெத்துன்னு இருக்கும். கரும்பச்சைத் தோலும் உள்ள தங்க நிறமுமா ஜப்பான் பூசணின்னு வாங்கறோமே, கபோச்சா, அது இந்த இனம். அந்தப் பேரே வேடிக்கை. போர்த்துக்கீசியர் கம்போடியாவிலேர்ந்து கொண்டு வந்த காய்னு ஜப்பான்காரங்க நினைச்சு, கம்போடியாங்கிறதைத்தான் கபோச்சான்னு ஆக்கிட்டாங்க. ஒவ்வொரு ஊரும் இதை வேற ஊர்க்காய்னே சொல்லிட்டு இருந்திருக்கு. பெங்களூர்ல அர்கா சூர்யமுகின்னு ஒரு சின்ன உருண்டைக் காய் இந்த இனத்துல இருக்கு. உலகத்துலயே பெரிய பூசணிகளும் இதுலதான். 2023-ல கலிபோர்னியாவுல ஒருத்தர் கொண்டு வந்த காய் 1,247 கிலோ. நம்ம மைவி காரை விட கனம். கூட்டு வச்சா எத்தனை பந்திக்கு வரும்னு எங்க சமையல்காரர் உடனே கணக்குப் போட ஆரம்பிச்சிட்டாரு.

மூணாவது பெப்போ. காம்பு கெட்டி, கூர்மையான அஞ்சு வரம்பு, சொரசொரன்னு குத்தும், ஆனா காயில ஒட்டற இடத்துல மோஸ்கட்டா மாதிரி பாதம் விரியாது. ஹாலோவீனுக்குச் செதுக்கற ஆரஞ்சுக்காய், சுக்கினி, அப்புறம் அந்த அலங்காரக் குட்டிக்காய், மூணும் இந்த இனம். சுக்கினி அருமையான காய், பயப்பட ஒண்ணுமில்லை. செதுக்கற காய் திங்கலாம், ருசி கிடையாது, அதைப் பெரிசா, நேரா நிக்கிற மாதிரி, சுவர் மெல்லிசா இருக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்திருக்காங்க, வாய்க்காக இல்லை. மருவு போட்ட அலங்காரக்காய் பார்வைக்கு மட்டும்தான். சாப்பிடறதுக்கில்லை.

பூசணி, சுரை, வெள்ளரி, பீர்க்கு, இந்தக் குடும்பம் முழுக்கக் காட்டுல இருந்தப்போ கசப்புதான். பூச்சியும் மிருகமும் திங்காம இருக்கச் செடி வச்சிருக்கிற காவல் அது. குக்கர்பிட்டாசின்னு பேரு. ஆயிரக்கணக்கான வருஷமா ஜனங்க கசக்காத காயோட விதையையே எடுத்து எடுத்துப் போட்டு அந்தக் கசப்பை எடுத்துட்டாங்க. அலங்காரக்காய்ல அந்த வேலையை யாரும் செய்யலை, ஏன்னா அதை யாரும் திங்கப் போறதில்லை. வேக வச்சாலும் அந்த நஞ்சு போகாது, பொரிச்சாலும் போகாது. கொஞ்சம் உள்ள போனா வாந்தி, வயித்துப்போக்கு. நிறையப் போனா உயிருக்கே ஆபத்து. 2015-ல ஜெர்மனியில ஒரு பெரியவர் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினி சாப்பிட்டு இறந்துட்டாரு. கசப்பா இருக்கேன்னு கொஞ்சமா சாப்பிட்ட அவரு மனைவி பிழைச்சிட்டாங்க. இந்தியாவுல கசப்புச் சுரைக்காய்ச் சாறு, உடம்புக்கு நல்லதுன்னு குடிச்சுச் செத்தவங்க இருக்காங்க.

இங்கதான் வீட்டுத் தோட்டத்து விஷயம் வருது. அந்த அம்மா கேட்டாங்களே, எங்க வீட்டுக்காய் என்ன விஷமான்னு. இல்லம்மா. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நல்ல காயாத்தான் இருக்கும். ஆனா பூசணியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. பெண் பூவுக்கு அடியில குட்டிக்காய் உக்காந்திருக்கும். தேனீதான் மகரந்தத்தைக் கொண்டு வரணும். தேனீக்கு எது சமையல்காய், எது அலங்காரக்காய்னு தெரியாது. பக்கத்து வீட்டுல அலங்காரக்காயோட விதையைச் சும்மா வீசியிருந்து, அது கொடியாகியிருந்தா, அதே இனத்துச் சுக்கினியோட கலந்துடும். கலந்தது அந்த வருஷக் காய்ல தெரியாது. காய் இனிப்பாவே இருக்கும். அதோட விதையை எடுத்து மறுபடி போட்டா, அடுத்த காய்லதான் கசப்பு வரும். வெளியில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. நம்ம நாட்டு லாபு வேற இனங்கிறதால அந்தக் கலப்பு சுலபத்துல நடக்காது. ஆனா இந்தக் காலத்துல யாரு எந்த விதையை வாங்கிப் போடறாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? இணையத்துல பாக்கெட் பாக்கெட்டா வருது.

ஆகக் கசப்பைக் கண்டுபிடிக்க இருக்கிறது ஒரே கருவி. நாக்கு. ஆனா மடப்பள்ளியில நாக்குக்கு வேலை கிடையாது.

இந்த இடத்துலதான் எங்களுக்குள்ள ரெண்டு மாசம் சண்டை. ஒரு பக்கம், வழக்கத்தை மாத்தக்கூடாது, எச்சில் பட்டது சாமிக்கு ஆகாது. இன்னொரு பக்கம், ஜனங்க உயிர். ஒருத்தர் கண்ணப்ப நாயனார் கதையை எடுத்தாரு. அவர் வாயில போட்டு ருசி பார்த்துத்தானே சாமிக்குக் கொடுத்தாரு, சாமி ஏத்துக்கலையா? உடனே ஒரு பெரியவர், "அவரு கண்ணையே பிடுங்கிக் கொடுத்தாரு. நீ பார்க்கிங் இல்லைன்னு போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கே வரலை. நீயும் அவரும் ஒண்ணா?"ன்னாரு. சிரிச்சிட்டோம். ஆனா தீர்வு வரலை.

கடைசியில குருக்களையே கேட்டோம். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், அன்னைக்குப் படைச்சவர் அவர்தான். ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "அடுப்பேறின பிறகு தொடாதீங்க. அது நைவேத்தியம். அதுக்கு முன்னாடி அது வெறும் காய். கடையில மாங்காய் புளிக்குமா இனிக்குமான்னு பார்த்து வாங்கறது இல்லையா? மடப்பள்ளிப் படிக்கு வெளியில வச்சுப் பாருங்க. பார்க்கிறவர் வேற ஆளா இருக்கட்டும், சமைக்கிறவர் வேற ஆளா இருக்கட்டும்."

அதுதான் இப்ப நடக்கிற முறை. குழாயடியில ஒருத்தர் இருப்பாரு. காயைக் கழுவி, ஒவ்வொரு காயிலயும் ஒரு சின்னத் துண்டு கீறி எடுப்பாரு. நாக்குல வச்சுத் துப்பிடுவாரு. முழுங்க மாட்டாரு. அந்தத் துண்டு உள்ள போகாது. வாய் கொப்பளிச்சு, கை கழுவி, கத்தியையும் கழுவின பிறகுதான் அடுத்த காய். அவரு அன்னைக்கு மடப்பள்ளிக்குள்ள கால் வைக்க மாட்டாரு. பத்துக் காய்ல ஒண்ணைப் பார்த்தாப் போதாதான்னு எங்க ஃபேக்டரி ஆளே கேட்டாரு. போதாது. ஸ்குரூ ஆணின்னா ஒரே அச்சுல வருது, பத்துக்கு ஒண்ணு பார்க்கலாம். இது ஒவ்வொண்ணும் ஒரு கொடி. சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய்க்கும் இதே முறைதான். கடையில வாங்கினதுக்கும் உண்டு, பணக்காரர் கொடுத்ததுக்கும் உண்டு, நிர்வாகத் தலைவர் வீட்டுலேர்ந்து வந்ததுக்கும் உண்டு. போன மாசம் தலைவர் காயையும் அவர் முன்னாலயே கீறிப் பார்த்தோம். அவரு ஒண்ணும் சொல்லலை.

இந்த ஒரு வருஷத்துல ஒரே ஒரு சுரைக்காய்தான் கசந்துச்சு. பூசணி ஒண்ணுகூட இல்லை. அந்த ஒரு சுரைக்காயைத் தென்னை மரத்தடிக்கு அனுப்பினோம். அதுக்கே இந்த முறை சரின்னு எங்களுக்குத் தோணுது.

அம்மா, உங்க காய் என்னாச்சுன்னு சொல்லலையே. நல்ல இனிப்புக் காய். காம்பைப் பார்த்தா நாட்டு மோஸ்கட்டா, உள்ள நல்ல காவி நிறம், நார் கிடையாது. சரஸ்வதி பூசை அன்னைக்குச் சாம்பார்லயும் அரசாணிப் பொரியல்லயும் போட்டோம். சமையல்காரர் விதையைக் கழுவிக் காயவச்சுத் தனியா எடுத்து வச்சிருக்காரு, எங்க வாங்கின விதைன்னு உங்ககிட்ட கேக்கணுமாம். கோயில் பின்புறத்துல ஒரு கொடி போடலாம்னு அவருக்கு ஆசை. நாங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கறோம்னு உங்க மகனுக்கு எழுதியிருக்கோம். எப்ப வரலாம்னு சொல்லுங்க.

இனி காய் கொடுக்கிறவங்க கவனத்துக்கு. முழுக்காயா, காம்போட கொண்டு வாங்க. காம்பு இருந்தாத்தான் எங்களுக்கு இனம் தெரியும், காயும் மாசக்கணக்குல கெடாம இருக்கும். காம்பு உடைஞ்ச காய் அந்த இடத்துலேர்ந்தே அழுகும். கீறல் விழுந்தது, அடிபட்டது வேணாம். வார்னிஷ் பூசினது, பெயிண்ட் அடிச்சது, மூஞ்சி வரைஞ்சது வேணவே வேணாம். பேரங்காடி அலங்காரம் பிரிக்கிற நேரம் மறுபடி வருது, நல்ல மனசோட யாராவது பெட்டியைத் தூக்கிட்டு வருவாங்க. சிரிச்ச முகத்தோட வேணாம்னு சொல்றது எங்க பொறுப்பு, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல அந்தக் குட்டிக்காய் அலங்காரத்துக்கு வச்சிருந்தா, பிள்ளைங்க கடிக்காம பார்த்துக்குங்க. தூக்கிப் போடும்போது விதையைத் தோட்டத்துப் பக்கம் வீசாதீங்க.

நம்ம அன்னதானத்துலன்னு இல்லை, யாரு வீட்டுலயும், எந்த விருந்துலயும், பூசணியோ சுரையோ கசந்தா துப்பிடுங்க. மரியாதைக்காக முழுங்காதீங்க. அன்னைக்கு அந்தப் பெரியவர் வாய் திறந்து சொல்லலைன்னா முந்நூறு பேரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. அவரை அதுக்கப்புறம் நாங்க பார்க்கலை. வெளியூர்லேர்ந்து வந்தவர் போல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, வெள்ளைச் சட்டை, கையில மரக் கைப்பிடி போட்ட குடை.

2025-ல கந்த சஷ்டி அக்டோபர் 22-ல ஆரம்பம், 27-ல சூரசம்ஹாரம். ஆறு நாளுக்கும் பூசணி மட்டும் எண்பது கிலோ தேவைப்படும், ரெண்டு நாள் கூட்டு, ஒரு நாள் எரிசேரி, மத்த நாள் சாம்பாருக்கு. ஜப்பான் பூசணி கொடுக்கிறவங்க சாம்பார் நாளுக்குக் கொடுங்க, அது மாவா கரைஞ்சு குழம்பைக் கெட்டியாக்கிடும். கூட்டுக்கு நாட்டு லாபுதான் சரி. வெள்ளைப் பூசணி மோர்க்குழம்புக்கு பத்துக் கிலோ போதும்.

காய் வெட்ட ஆள் குறைச்சல். 21-ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கும், மத்த நாள்ல காலை ஆறரைக்கும் வந்தா உதவியா இருக்கும். ஷிப்ட் முடிச்சு வர்றவங்க நேரா வரலாம், குளிக்க பின்னால இடம் இருக்கு. கத்தி சொந்தமா கொண்டு வாங்க. இங்க இருக்கிறது எல்லாம் மொட்டை.